சென்னையிலிருந்து புனேவுக்கு வீடு மாற்ற: தனி லாரியா, பார்ட் லோடா, நாமே கட்டி ஏற்றுவதா?

புனேவுக்கு வேலை மாற்றம் என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரியே ஏதோ ஒரு இணையதளத்தில் 'சென்னை டு புனே, 2 பி.எச்.கே.' என்று போட்டு என் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பல் தேய்ப்பதற்குள் ஏழு அழைப்புகள். ஒருவர் 19,000 என்றார், இன்னொருவர் 65,000 என்றார். சாமான் அதேதான், தூரம் அதேதான். அப்புறம் ஏன் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்? அது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர்கள் எல்லோரும் விற்பது ஒரே பொருள் அல்ல என்பதுதான் விஷயம். ஒருவர் முழு லாரியை விற்கிறார். ஒருவர் லாரியின் ஒரு மூலையை விற்கிறார். மூன்றாமவரிடம் லாரியே கிடையாது. நம் எண்ணை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொள்கிறார். விலையைக் கேட்பதற்கு முன்னால், மடிப்பாக்கத்தில் ஏறும் பெட்டி புனேவில் நாங்கள் போகும் வாகட்டில் இறங்குவதற்குள் எத்தனை கை மாறும் என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் விலைகளுக்கு அர்த்தம் தெரிந்தது.

முதலில் ஒரு லாரி அந்தத் தூரம் ஓட என்ன ஆகும் என்று நாங்களே கணக்குப் போட்டோம். பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா வழியாகப் புனே சுமார் 1,200 கிலோமீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு 14 அடி வண்டி போதும். லோடோடு அது லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டீசலுக்கு மட்டுமே 12,000 முதல் 14,000 ரூபாய் வரை போய்விடும். டோல், டிரைவர் பேட்டா, வண்டித் தவணை, டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்தால் போவதற்கு மட்டுமே 20,000 தாண்டும். திரும்பி வர லோடு கிடைக்காவிட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான். அப்படியிருக்க, நான்கு ஆட்கள், அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், லாரி எல்லாம் சேர்த்து 19,000 என்றால் கணக்கு இடிக்கிறது. ஒன்று, அந்த லாரியில் நம் சாமான் மட்டும் போகப் போவதில்லை. இல்லையென்றால் லாரி பாதி வழி போன பிறகு விலை ஏறப் போகிறது.

வடிகட்டியபின் கையில் நின்றவை மூன்று. முழு வண்டி, கட்டுவது ஏற்றுவது எல்லாம் அவர்களே: 46,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 54,280. அதே சேவை, ஆனால் பார்ட் லோடு, அதாவது மற்ற வீட்டுச் சாமானோடு சேர்ந்து ஒரே லாரியில்: 27,000, வரியோடு 31,860. நாமே கட்டி, நாமே லாரி பிடித்தால் சுமார் 40,500.

பார்ட் லோடு எங்கே இடிக்கிறது

காகிதத்தில் பார்த்தால் பார்ட் லோடுதான் ஜெயிக்கும். 22,000 ரூபாய் மிச்சம் என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வருவது குட்டி யானை. அதில் ஏறிய சாமான் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு குடோனில் இறங்கும். அதே திசையில் போகும் இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமான் சேரும் வரை அங்கேயே கிடக்கும். சேர்ந்ததும் பெரிய லாரியில் ஏறும். புனேவில் இன்னொரு குடோனில் இறங்கும். அங்கிருந்து மறுபடியும் ஒரு சின்ன வண்டி. முழு வண்டியில் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும் பெட்டி, இதில் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்குகிறது. நடுவில் பெங்களூருவில் லாரி மாற்றினால் நான்கு. அந்த நடு ஏற்ற இறக்கங்கள் நடக்கும்போது நாமும் இருக்க மாட்டோம், பெட்டியைக் கட்டியவர்களும் இருக்க மாட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தபோது பார்ட் லோடில்தான் வந்தோம். ஐந்து நாள் என்றார்கள், பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை பாய் வாங்கிப் போட்டுப் படுத்தோம். ஃப்ரிட்ஜ் கதவு நசுங்கி வந்தது. இறக்கும்போது, லிஃப்டுக்குள் பீரோ போகாது, மாடிப்படி வழியாகத் தூக்க 6,000 ரூபாய் தனி என்று நின்றார்கள். சாமான் அவர்கள் வண்டியில், நாங்கள் தெருவில். கொடுத்தோம். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒரு பெட்டி குறைந்தது. கிரைண்டரின் குழவிக் கல் இருந்த பெட்டி. ஒரு திருடனுக்கு அது எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வேறு யார் வீட்டிலோ இறங்கியிருக்க வேண்டும்.

இதனால் பார்ட் லோடே கூடாது என்று சொல்ல மாட்டேன். தனியாக இருப்பவர், பதினைந்து அட்டைப்பெட்டி, ஒரு மேசை, ஒரு மெத்தை, அவசரம் இல்லை என்றால் அதுதான் சரி. அவருக்காக ஒரு லாரி ஓடுவதில் அர்த்தமில்லை. மரச் சாமானும் கண்ணாடியும் ஃப்ரிட்ஜும் உள்ள குடும்பத்துக்கு, மிச்சமாகும் பணத்தில் பாதி ரிப்பேருக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் போய்விடும். அப்படியும் பார்ட் லோடில்தான் அனுப்ப வேண்டும் என்றால், டிவிக்கும் கண்ணாடி மேசைக்கும் மரச்சட்டம் அடித்துத் தரச் சொல்லுங்கள். பபிள் ஷீட் ஒரு சுற்று சுற்றுவதெல்லாம் நேரடி வண்டிக்குத்தான் தாங்கும்.

முழு வண்டி என்று பணம் வாங்கிக்கொண்டு வழியில் வண்டி மாற்றுகிறவர்களும் உண்டு. அதனால் வண்டி எண்ணையும் 'வழியில் வண்டி மாற்றம் இல்லை' என்ற வரியையும் எழுத்தில் வாங்க வேண்டும். வந்து நிற்கும் வண்டி வேறு எண்ணாக இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நாமே லாரி பிடித்தால்

இதைத்தான் என் அப்பா சிபாரிசு செய்தார். அவர் காலத்தில் அதுதான் வழக்கம்: லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போய் ரிட்டர்ன் லோடு பேசுவது, நாலு லோடுமேன்களைக் கூட்டி வருவது, வீட்டுச் சாக்கிலும் பழைய புடவையிலும் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டுவது. இன்றைக்கும் அது நடக்கும். மகாராஷ்டிராவிலிருந்து சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிக்கு நம் சாமான் கூடுதல் வருமானம். அதனால் விலை படியும். எங்களுக்கு லாரி வாடகை 26,000 என்று வந்தது. ஏற்றுக்கூலி 5,000, இறக்குக்கூலி 5,000, அட்டைப்பெட்டி, டேப், தெர்மோகோல் எல்லாம் 4,500. (கோயம்பேட்டில் வெங்காயம் இறக்கிவிட்டு நாசிக் பக்கம் திரும்பும் லாரி ஒன்றும் மலிவாகக் கிடைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மெத்தையை அதில் ஏற்றியிருந்தால் ஆறு மாதம் சாம்பார் வாசனையில் தூங்கியிருப்போம்.)

சாமான் ஒரே வண்டியில், ஒரே கையில் போகும் என்பது இதன் பெரிய பலம். பலவீனங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. கட்டிலைக் கழற்றுவது, ஏசியைக் கழற்றுவது, கட்டுவது எல்லாம் நம் வேலை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு வாரம் அதிலேயே போகும். திறந்த வண்டியென்றால் தார்ப்பாய்தான் கூரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோலாப்பூர், சதாரா பக்கம் மழை கொட்டும். அந்தப் பக்கம் இறக்குவதற்கு ஆள் பிடிப்பது இன்னொரு தலைவலி. மகாராஷ்டிராவில் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு 1969 முதல் தனிச் சட்டமே இருக்கிறது; அந்தத் தொழிலாளர்களை அங்கே மாத்தாடி என்பார்கள். சாமான் இறக்க யாரைக் கூப்பிடலாம், எந்த நேரத்தில் லிஃப்ட் தருவார்கள், அதற்கு முன்பணம் உண்டா என்று புது அபார்ட்மென்ட் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்காமல் போனால் வாசலில் சண்டைதான்.

எங்களைப் பொறுத்தவரை இந்த வழியை அடைத்தது வேறொன்று. என் அலுவலகம் வீடு மாற்றும் செலவில் 50,000 வரை திருப்பித் தரும், ஆனால் ஜி.எஸ்.டி. பில் வேண்டும். லாரிக்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவது அங்கே செல்லாது. உங்கள் நிறுவனம் எதைத் திருப்பித் தரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 54,000 ரூபாய் வழி சொந்தக் கையிலிருந்து 4,000 மட்டுமே கேட்பதும், 40,000 ரூபாய் வழி முழுவதையும் கேட்பதும் அப்போதுதான் தெரியும்.

இன்ஷூரன்ஸ் என்ற பெயரில்

மூவர்ஸ், அதாவது சாமானைக் கட்டி ஏற்றிக் கொண்டுபோகும் கம்பெனிகள், கொடுக்கும் மதிப்பீட்டில் 'இன்ஷூரன்ஸ் 3 சதவீதம்' என்று ஒரு வரி இருக்கும். நாம் சொல்லும் சாமான் மதிப்பில் 3 சதவீதம். மூன்று லட்சம் என்றால் 9,000, அதற்கும் வரி. பல நேரம் அந்தப் பணம் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போவதில்லை. மூவர்ஸே வைத்துக்கொண்டு, உடைந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொல்வது. சோதனை சுலபம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், நம் பெயரும் வண்டி எண்ணும் போட்ட சான்றிதழ், மூன்றும் லாரி கிளம்புவதற்கு முன் வர வேண்டும். இதைக் கேட்டதும் இரண்டு பேர் எங்களிடம் இன்ஷூரன்ஸ் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

உண்மையான பாலிசியிலும் வகை உண்டு. உள்நாட்டுப் போக்குவரத்துக்கான நிபந்தனைகளில் 'ஏ' வகை என்றால், விலக்கியவை தவிர எல்லா ஆபத்துக்கும் பொறுப்பு. 'பி' வகை என்றால் தீ, மின்னல், மோதல், வண்டி கவிழ்வது, பாலம் இடிவது போன்றவைதான். வண்டி பத்திரமாக வந்து, உள்ளே டிவி உடைந்திருந்தால் 'பி'யில் ஒன்றும் வராது. நம் வீட்டில் உண்மையில் நடப்பதோ இப்படி உள்ளே உடைவதுதான். அதனால் 'ஏ' இல்லாவிட்டால் அந்தப் பணத்தைக் கெட்டியான பெட்டிகளில் போடுவது மேல். வெளியே கீறல் இல்லாமல் மெஷின் மட்டும் ஓடாமல் போனால் பெரும்பாலும் எதிலும் வராது என்பதால், ஏற்றும் முன் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி மூன்றையும் ஓடவிட்டுத் தேதியோடு வீடியோ எடுத்துக்கொண்டோம்.

இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும் லாரிக் கம்பெனிக்குப் பொறுப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2007-இல் வந்த சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011-இன் விதிகளும் இருக்கின்றன. மதிப்பு கூடுதலாகக் குறிப்பிடாத சரக்குக்குக் கட்டிய வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை பொறுப்பு என்பது விதி. ஆனால் வழக்குப் போட வேண்டுமென்றால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை, லாரி ரசீது என்னும் எல்.ஆர். அது இல்லாமல் சாமானை விடாதீர்கள். இறக்கிய பின் கையெழுத்துக் கேட்கும்போது அவசரப்படுத்துவார்கள். எண்ணிப் பார்த்து, நசுங்கியதையும் குறைந்ததையும் அந்த ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. முதல் கட்டமாக 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

வழியில் சேர்க்கப் பார்க்கும் செலவுகளில் இரண்டை உடனே மறுக்கலாம். ஒன்று, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) கட்டணம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் கட்டாயமே இல்லை. இன்னொன்று, மகாராஷ்டிரா எல்லையில் ஆக்ட்ராய், நுழைவு வரி என்று சொல்வது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜி.எஸ்.டி. எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். பதினைந்து எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். பிரபல பெயரை ஒட்டிப் பெயர் வைத்துக்கொண்டு பத்துப் பேர் இருக்கும் தொழில் இது. எங்களிடம் வந்த ஒரு மதிப்பீட்டில் இருந்த எண்ணைப் போட்டால் ஒரு ஹார்டுவேர் கடை வந்தது.

எதை எடுத்துப் போவது

விலை பேசுவதைவிட அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது இந்தக் கணக்குதான். 14 அடி வண்டியின் கொள்ளளவு சுமாராக 500 கன அடி. 54,000 ரூபாயை அதால் வகுத்தால் கன அடிக்கு 100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இனி வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். எங்கள் மூன்று பேர் சோபா ஏழடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம்: 63 கன அடி. அதைக் கொண்டுபோக 6,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பழைய பர்னிச்சர் வாங்குபவர் அதற்கு 5,000 தருகிறேன் என்றார். விற்றோம். பிளைவுட் கட்டிலைக் கழற்றி மறுபடி முடுக்கினால் ஆணி பிடிக்காது, அதுவும் போயிற்று. டைனிங் மேசையும் போயிற்று.

இரும்பு பீரோவுக்குச் சுமார் 3,000 ரூபாய் ஆகும். அம்மா சீராகக் கொடுத்தது, வந்தே தீர வேண்டும். கிரைண்டர் அடைக்கும் இடத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாது. மிக்ஸியில் மாவு அரைத்து இட்லி சாப்பிடுவதற்கு ஒரு வாரம் சம்மதிக்கலாம், வருஷக்கணக்கில் முடியாது. வாஷிங் மெஷின் முன்பக்கம் திறக்கும் வகையென்றால், வாங்கியபோது கூட வந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்து டிரம்மைப் பூட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நாங்கள் அதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கண்டுபிடித்தோம். கேஸ் சிலிண்டர் லாரியில் போகக் கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொண்டால், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு எடுக்கலாம்.

ஸ்கூட்டரை லாரியில் ஏற்ற 6,000 கேட்டார்கள். சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்கள் பல புனே வழியாகப் போவதால் பார்சலில் போட்டோம். பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், சாக்கு சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். கட்டுக்கூலியோடு 3,000 ரூபாயை ஒட்டி வந்தது. இறங்கியதும் போய் எடுக்காவிட்டால் ரயில்வே மணிக்கணக்கில் கட்டணம் போடும். கார் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றுக்கூலியைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதென்றால் இங்கே தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். பழைய கார் என்றால் விற்றுவிட்டுப் போவதையும் யோசிக்கலாம்.

நாளும் விலையை மாற்றும். பள்ளிக்கூட விடுமுறையான மே மாதத்திலும், மாதக் கடைசியிலும், முகூர்த்த நாள்களிலும் இறங்கி வர மாட்டார்கள். ஆடியில் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள் என்பதால் சென்னை மூவர்ஸ்காரர்கள் கொஞ்சம் சும்மா இருப்பார்கள். எங்களுக்கு ஜூலை கடைசியில் சேர வேண்டியிருந்தது. மாமியார் முகம் சுளித்தார். "ஆனியிலேயே அந்த வீட்டுக்குப் போய்ப் பாலைக் காய்ச்சிட்டு வந்துடுங்கோ, சாமான் எப்ப வேணா வரட்டும்" என்று வழியும் சொன்னார். சாவி வாங்கப் போனபோதே ஒரு பாத்திரமும் இண்டக்‌ஷன் அடுப்பும் ரயிலில் எடுத்துப் போய் அதை முடித்தோம்.

சோபா, கட்டில், மேசை போனதும் சாமான் 300 கன அடிக்குள் வந்துவிட்டது. 46,000 சொன்னவரிடமே திரும்பப் போய்ப் பத்தடி மூடிய வண்டி கேட்டோம். 38,000, வரியோடு 44,840. இரண்டு லட்சத்துக்கு 'ஏ' வகை இன்ஷூரன்ஸ், வரியோடு 7,080. முன்பணம் 5,000, ஏற்றியதும் பாதி, மீதி இறக்கிய பிறகு என்று எழுதி வாங்கினோம். ஏற்றும்போதே 90 சதவீதம் கேட்டவரை அதனாலேயே விட்டிருந்தோம். இறக்கும்போது நம் கையில் கொஞ்சம் பணம் நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பிய வண்டி வியாழன் சாயங்காலம் வாகட் வந்தது. ஏறிய உருப்படிகளும் 47, இறங்கியவையும் 47. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்திருந்தது, அதை ரசீதில் எழுதினேன், டிரைவர் சிரித்தார். குழவிக் கல் இந்தத் தடவை லாரியிலேயே ஏறவில்லை. என் கைப்பையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில் ரயிலில் வந்தது.